பிட்னா போர் (கி.மு. 168): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலெக்சாண்டரின் நீள ஈட்டிப் படையைப் பற்றி நம்மில் பலர் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். பாரசீகத்தை உடைத்து, சிந்து நதிவரை வந்த படை அது. அதே பாணிப் படை எங்கே, எந்த மண்ணில் முடிந்துபோனது என்று கேட்டால் பதில் தெரிந்தவர்கள் குறைவு. பிட்னா என்ற ஊர்ப் பெயரைச் சொன்னதும் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பிட்னா எங்கே இருக்கிறது? யார் யாருடன் மோதினார்கள்?

கிரேக்கத்தின் வடகிழக்கில், ஒலிம்பஸ் மலைக்கு வடக்கே, தெர்மாயிக் வளைகுடாவின் கரையில் இருந்த ஊர். இன்றைய கட்டெரினி நகரம் அந்தப் பக்கம்தான். ஒரு பக்கம் அலெக்சாண்டரின் நாடான மக்கெதோனியாவின் மன்னர் பெர்சியஸ், மறுபக்கம் ரோமானியக் கான்சல் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை அதிகாரி) லூசியஸ் எமிலியஸ் பவுலஸ். கி.மு. 168 ஜூன் 22 பிற்பகலில் தொடங்கிய சண்டை, ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது என்கிறார் பிற்கால கிரேக்க எழுத்தாளர் புளூடார்க். அப்புறம் நடந்தது துரத்தலும் வெட்டலும்தான். அதுவே இருட்டும்வரை நீண்டது.

இவ்வளவு துல்லியமாகத் தேதி எப்படித் தெரியும்?

முந்தைய இரவு சந்திர கிரகணம். வானியல் கணக்குப்படி அது ஜூன் 21 இரவு. வேடிக்கை என்னவென்றால், ரோமானிய நாட்காட்டியில் போர் நடந்த நாள் செப்டம்பர் 4 என்று பதிவாகியிருக்கிறது. அன்றைய ரோமானிய நாட்காட்டி பருவத்தை விட்டு இரண்டு மாதத்துக்கும் மேல் விலகிப்போயிருந்தது. கிரகணம் மட்டும் இல்லாவிட்டால் இந்தப் போரைக் கோடைக்கடைசியில் வைத்துப் பேசிக்கொண்டிருப்போம்.

சண்டை எதற்காக?

பெர்சியஸின் தந்தை ஐந்தாம் பிலிப், கி.மு. 197-இல் கைனோசெபலேயில் ரோமிடம் தோற்றவர். அதன்பின் கிரேக்கத்தில் மக்கெதோனியாவின் பிடி போய்விட்டது. 179-இல் பட்டத்துக்கு வந்த பெர்சியஸ், ரோமுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு, கிரேக்க நகரங்களோடு உறவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார். அதுதான் ரோமுக்கு உறுத்தியது. சின்ன ஆசியாவில் இருந்த பெர்கமம் நாட்டு மன்னர் இரண்டாம் யூமெனஸ் 172-இல் ரோமுக்கே போய், செனட்டில் பெர்சியஸ் மீது ஒரு நீண்ட குற்றப்பட்டியல் வாசித்தார். ஊர் திரும்பும் வழியில் டெல்பியில் யூமெனஸைக் கொல்ல முயற்சி நடந்ததும், பழி பெர்சியஸ் மீது விழுந்தது. 171-இல் போர் தொடங்கிவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், பெர்சியஸ் இந்தப் போரை விரும்பி இழுத்துக்கொண்டவர் அல்ல. மக்கெதோனியா மறுபடி தலைநிமிர்வதை ரோம் பொறுக்கவில்லை. காரணங்கள் பின்னால் தேடப்பட்டவை.

முதல் மூன்று ஆண்டுகள் ரோம் ஏன் திணறியது?

தளபதிகள் சரியில்லை என்பது பாதி. எதிரி வலுவாக இருந்தான் என்பது மீதி. போர் தொடங்கியபோது பெர்சியஸ் பார்வையிட்ட படையில் 39,000 காலாட்கள், 4,000 குதிரை வீரர்கள். 171-இல் தெசலியில் கல்லினிகஸ் என்ற இடத்தில் நடந்த குதிரைப்படை மோதலில் ரோமர்கள் நன்றாகவே அடிவாங்கினார்கள். 169-இல் ரோமானியக் கான்சல் மார்சியஸ் பிலிப்பஸ் ஒலிம்பஸ் மலைச்சரிவில் படையை இறக்கி மக்கெதோனியாவுக்குள் நுழைந்தார், ஆனால் அதற்குமேல் நகர முடியவில்லை.

பெர்சியஸின் பெரிய பலவீனம் போர்க்களத்தில் இல்லை, கஜானாவில் இருந்தது. பணம் இல்லாமல் அல்ல, பணத்தை விட மனமில்லாமல். டான்யூப் பக்கத்திலிருந்து பத்தாயிரம் குதிரைகளும் கூடவே ஓடும் பத்தாயிரம் காலாட்களும் கூலிக்கு வந்தார்கள். கூலி அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். இல்லிரிய மன்னர் ஜென்தியஸுக்கு 300 தாலந்து (தாலந்து என்பது பெரிய பண அளவு) தருகிறேன் என்று பேசி, 10 தாலந்தை முன்பணமாகக் கொடுத்தார். அந்த 10-ஐ வாங்கிக்கொண்டு ஜென்தியஸ் ரோமைப் பகைத்துக்கொண்டதும், மீதியை நிறுத்திவிட்டார். அப்படிக் காத்து வைத்த பொன்னும் வெள்ளியும் கடைசியில் ரோம் தெருவில் ஊர்வலம் போயின.

எமிலியஸ் பவுலஸ் யார்?

கேனே போரில் ஹானிபாலிடம் உயிர்விட்ட கான்சலின் மகன். 168-இல் இரண்டாம் முறை கான்சல் ஆனபோது வயது அறுபதை ஒட்டி. மக்கெதோனியப் போர் அவருக்கு என்று முடிவான நாளில் வீட்டுக்கு வந்தால், சின்ன மகள் டெர்ஷியா அழுதுகொண்டிருக்கிறாள். என்னம்மா என்று கேட்டால், “அப்பா, பெர்சா செத்துப்போச்சு” என்கிறாள். பெர்சா அவள் வளர்த்த நாய்க்குட்டி. பவுலஸ் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு மகளைக் கட்டிக்கொண்டாராம். அந்தக் குழந்தையின் துக்கத்தைப் பற்றி யாரும் மேற்கொண்டு எழுதவில்லை.

புறப்படும் முன் ரோம் மக்களிடம் அவர் பேசியதன் சாரம் இது: விருந்தில் சாய்ந்துகொண்டே மக்கெதோனியாவுக்குப் படை நடத்துகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், உண்மையிலேயே யோசனை சொல்லத் தகுந்தவர் என்னோடு வரட்டும், கப்பல், குதிரை, கூடாரம் எல்லாம் நான் தருகிறேன், வர முடியாதவர் ஊர்ப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

மக்கெதோனிய ஃபாலங்க்ஸ் என்றால் என்ன? அதில் அப்படி என்ன பயம்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் போரின் முடிவே இதில்தான் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு சரிசா. ஆறு மீட்டரை ஒட்டிய நீளம் உள்ள ஈட்டி. ஒரு கையால் பிடிக்க முடியாது, இரண்டு கையும் வேண்டும். அதனால் கேடயம் சிறியது, கழுத்திலும் தோளிலும் வார் போட்டு மாட்டியிருக்கும். இப்படிப் பதினாறு வரிசை, ஒருவர் பின் ஒருவராக, தோளோடு தோள் நெருக்கி நிற்பார்கள். முதல் ஐந்து வரிசைக்காரர்களின் ஈட்டி முனைகள் முன்னால் நிற்பவனையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பின்வரிசைக்காரர்கள் ஈட்டியைச் சாய்வாக மேலே தூக்கிப் பிடித்து, மேலிருந்து வரும் அம்புகளையும் எறிவேல்களையும் தடுப்பார்கள், கூடவே முன்னால் நிற்பவர்களைத் தள்ளியும் கொடுப்பார்கள்.

அக்காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் ஒரு கணக்குச் சொல்கிறார். ரோமானிய வீரன் வாள் சுழற்ற இடம் வேண்டும் என்பதால் விலகி நிற்கிறான். அந்த ஒருவனுக்கு எதிரே இரண்டு ஈட்டிக்காரர்கள் வருகிறார்கள். ஆக அவன் முகத்துக்கு நேரே பத்து ஈட்டி முனைகள். ஒன்றை வெட்டித் தள்ளினால் ஒன்பது பாக்கி. நேருக்கு நேர், சமதரையில், இதை எதுவும் நிறுத்தாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அப்படியென்றால் ரோமானியன் கையில் என்ன இருந்தது?

உடம்பை முக்கால்வாசி மறைக்கும் பெரிய கேடயம், எறிவேல், குத்தவும் வெட்டவும் ஏற்ற ஸ்பானியக் குறுவாள். லீஜியன் எனப்படும் ரோமானியப் படைப்பிரிவு முழுக்க மானிப்பிள் என்ற சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தலைவன் உண்டு. மேலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் அவனே முன்னே போகலாம், ஒதுங்கலாம், பக்கவாட்டில் பாயலாம்.

பிட்னாவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

பெர்சியஸ் முதலில் ஒலிம்பஸுக்கும் கடலுக்கும் நடுவே, எல்பியஸ் ஆற்றங்கரையில் பலமான அரண் கட்டி உட்கார்ந்திருந்தார். நேராக மோதினால் பிணம்தான் மிஞ்சும். பவுலஸ், தன் படை அதிகாரி சிப்பியோ நாசிகாவிடம் எண்ணாயிரம் பேரைக் கொடுத்து மலையைச் சுற்றி அனுப்பினார். படை முதலில் கடற்கரைப் பக்கம் போவதுபோலப் போய், இருட்டியதும் திரும்பி மலைக்குள் நடந்தது. தப்பி ஓடிய ஒரு கிரீட் தீவுக்காரன் விஷயத்தைச் சொல்ல, பெர்சியஸ் 12,000 பேரைக் கணவாய்க்கு அனுப்பினார். அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது ரோமர்கள் மேலே விழுந்தார்கள் என்பது பொலிபியஸ் கூற்று. இல்லை, உச்சியில் கடுமையான சண்டை நடந்தது என்று நாசிகாவே கடிதம் எழுதியிருக்கிறார். தூங்குகிறவர்களை வெட்டினேன் என்று எந்தத் தளபதியும் எழுத மாட்டார் என்பதால் நான் பொலிபியஸ் பக்கம் சாய்கிறேன்.

பின்பக்கம் திறந்துவிட்டது தெரிந்ததும் பெர்சியஸ் வடக்கே பிட்னா சமவெளிக்கு வந்தார். ஃபாலங்க்ஸுக்குத் தேவையான சமதரை அங்கே இருந்தது. நடுவே இரண்டு சிற்றாறுகள், கோடையில் தண்ணீர் குறைவு. பக்கத்தில் சிறு குன்றுகள். இந்தக் குன்றுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவுலஸ் வந்து சேர்ந்த நாளிலேயே மோதிவிடலாம் என்று நாசிகா உள்ளிட்ட இளைஞர்கள் துடித்தார்கள். பவுலஸ் மறுத்துவிட்டார். வெயிலில் நடந்து களைத்த ஆட்கள், ஓய்ந்து நிற்கும் எதிரி. முன்வரிசை போருக்கு நிற்பதுபோல அப்படியே நிற்க, பின்வரிசைகளை ஒவ்வொன்றாக விலக்கி முகாம் கட்டச் சொன்னார். எதிரிக்குத் தெரியாமலே படை முழுதும் முகாமுக்குள் போய்விட்டது. பிட்னாவில் பவுலஸ் செய்த மிகச் சிறந்த காரியம் இதுதான் என்பேன்.

கிரகணம் போரை மாற்றியதா?

மனநிலையை மாற்றியது. முழு நிலா கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து மறைந்தபோது ரோமானிய வீரர்கள் வழக்கப்படி வெண்கலப் பாத்திரங்களைத் தட்டி, தீப்பந்தங்களைத் தூக்கிக் காட்டி நிலாவைத் திரும்ப அழைத்தார்கள். மக்கெதோனிய முகாமில் பேச்சு இல்லை. இது ஓர் அரசனின் மறைவைக் குறிக்கிறது என்ற முணுமுணுப்பு மட்டும் பரவியது.

ரோமானிய அதிகாரி சல்பீசியஸ் கால்லஸ் கிரகணத்தை முன்கூட்டியே அறிவித்தார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. மறுநாள்தான் விளக்கினார் என்பது சிசெரோவின் வடிவம். இரண்டாவதுதான் நம்பத் தகுந்ததாகப் படுகிறது. பயந்த கூட்டத்துக்கு, இது பூமியின் நிழல், கவலைப்படாதீர்கள் என்று சொல்ல ஒருவர் இருந்தாரே, அது போதும். பவுலஸ் விஷயம் தெரிந்தவர்தான். ஆனாலும் நிலா தெளிந்ததும் பதினோரு கிடேரிகளைப் பலி கொடுத்தார்.

சண்டையை ஒரு குதிரை ஆரம்பித்தது என்கிறார்களே?

ஆமாம். இரண்டு தளபதிகளும் அன்றைக்கு அந்த நேரத்தில் போரை எதிர்பார்க்கவில்லை. பிற்பகல் மூன்று மணி வாக்கில் ரோமானியப் பக்கத்திலிருந்து ஒரு பொதிமிருகம் கையை விட்டு ஓடி ஆற்றுக்குள் இறங்கியது. முழங்கால் ஆழத் தண்ணீர். மூன்று வீரர்கள் பின்னாலே ஓடினார்கள். எதிர்க்கரையில் பெர்சியஸ் பக்கம் இருந்த திரேசியர்கள் அதை இழுத்துப் போகப் பார்த்தார்கள். கைகலப்பில் ஒரு திரேசியன் செத்தான். கூட இருந்தவர்கள் ஓடிவந்தார்கள், இந்தப் பக்கமிருந்தும் ஓடினார்கள், அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

தீவனம் சேர்க்கப் போனவர்கள் மோதிக்கொண்டதாக இன்னொரு கதையும் உண்டு. பவுலஸே திட்டமிட்டு மிருகத்தை ஓட்டிவிட்டார் என்றும் ஒரு பேச்சு புளூடார்க்கில் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போர் அவ்வளவு வேகமாக மூண்டது, படைகள் ஓட்டத்திலேயே அணிவகுத்தன.

களத்தில் என்னதான் நடந்தது?

முதலில் ஃபாலங்க்ஸ் வென்றது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

வெண்கலம் மின்னும் கேடயங்களோடு அந்தச் சுவர் இறங்கி வருவதைப் பார்த்து வாழ்நாளில் இவ்வளவு பயந்ததில்லை என்று பவுலஸ் பிற்காலத்தில் பலமுறை சொன்னாராம். அன்றைக்கு அதை முகத்தில் காட்டாமல், தலைக்கவசமும் மார்க்கவசமும் இல்லாமல் குதிரையில் வரிசை நெடுகப் போய்க்கொண்டிருந்தார்.

ரோமின் கூட்டாளிகளான பெலிக்னி மக்களின் படை முன்னே போயிற்று. ஈட்டிச் சுவருக்குள் புக வழியில்லை. அவர்கள் தலைவன் சால்வியஸ் கொடிக்கம்பைப் பிடுங்கி எதிரி நடுவே வீசினான். கொடியை விட்டுவிட்டு வருவது அவர்களுக்குப் பெரும் அவமானம். பாய்ந்தார்கள். வாளால் ஈட்டியை வெட்டிப் பார்த்தார்கள், கேடயத்தால் தள்ளிப் பார்த்தார்கள், வெறும் கையால் ஈட்டித்தண்டைப் பிடித்து விலக்கப் பார்த்தார்கள். சரிசா கேடயத்தையும் கவசத்தையும் சேர்த்துத் துளைத்தது. முன்வரிசை விழுந்தது, மற்றவர்கள் ஒலோக்ரஸ் குன்றை நோக்கிப் பின்வாங்கினார்கள். அதைப் பார்த்த பவுலஸ் துக்கத்தில் மேலாடையைக் கிழித்துக்கொண்டார் என்று ஒரு குறிப்பு உண்டு.

திருப்பம் இங்கேதான். பின்வாங்கும் எதிரியைத் துரத்திக்கொண்டு ஃபாலங்க்ஸ் குன்றுப் பக்கம் ஏறியது. தரை ஏறி இறங்கியது. ஒரு பகுதி முன்னே போனது, ஒரு பகுதி நின்றது, ஒரு பகுதி தள்ளப்பட்டது. சுவரில் விரிசல் விட்டது. பவுலஸ் அதைக் கண்டு, ஒரே போராக நினைக்காதீர்கள், தனித்தனிக் கூட்டமாக அந்தச் சந்துகளுக்குள் நுழையுங்கள் என்று உத்தரவிட்டார்.

உள்ளே புகுந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. ஆறு மீட்டர் ஈட்டியைப் பக்கவாட்டில் திருப்ப முடியாது. தனியாகத் திரும்பினால் பக்கத்தில் நிற்பவன்மேல் இடிக்கும். ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிறு கத்தியை எடுத்தால், எதிரே பெரிய கேடயமும் கனத்த வாளும். பிட்னாவில் செத்த ஆயிரக்கணக்கான ஈட்டிக்காரர்கள் கோழைகள் அல்லர். கையில் இருந்த ஆயுதத்தைப் பயன்படுத்த முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள். தேர்ந்தெடுத்த காவல்படை 3,000 பேர் கடைசிவரை நின்று சண்டையிட்டே மடிந்தார்கள்.

யானைகள் இருந்தனவாமே?

ரோமர் பக்கம் இருந்தன, வட ஆப்பிரிக்காவின் நுமிடியாவிலிருந்து வந்தவை. பெர்சியஸ் இதற்குத் தயாராகத்தான் இருந்தார். யானையை எதிர்க்கவே தனிப்படை வைத்திருந்தார். மரத்தில் யானை உருவம் செய்து, உள்ளே ஆளை உட்காரவைத்து எக்காளம் ஊதச் சொல்லி, குதிரைகளைப் பழக்கினார் என்றும் பிற்கால எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். களத்தில் அதெல்லாம் எடுபடவில்லை. யானைகளும் லத்தீன் கூட்டாளிப் படைகளும் சேர்ந்து மக்கெதோனிய இடது பக்கத்தை முதலில் உடைத்தன.

ஆக, ஃபாலங்க்ஸைவிட லீஜியன் மேலானது என்று முடிவு செய்யலாமா?

பொத்தாம்பொதுவாக இல்லை. ஃபாலங்க்ஸுக்கு ஒரே ஒரு வகைத் தரை வேண்டும், ஒரே ஒரு திசை வேண்டும். லீஜியனுக்கு எந்தத் தரையும் சரி. கைனோசெபலேயிலும் இதேதான் நடந்தது: பிலிப்பின் வலது பக்கம் ரோமர்களைத் தள்ளிக்கொண்டே போக, மறுபக்கத்திலிருந்து இருபது மானிப்பிள்களை ஒரு ரோமானிய அதிகாரி தானாகவே திருப்பிக்கொண்டு வந்து பின்னாலிருந்து அடித்தார். அவர் பெயர்கூட எந்த நூலிலும் இல்லை. என்னைப் பொறுத்தவரை வாளோ ஈட்டியோ முக்கியமில்லை. கீழ்நிலையில் இருக்கும் ஒருவன் சுயமாக முடிவெடுக்கலாம் என்ற ஏற்பாடுதான் இரண்டு போரையும் வென்றது.

அலெக்சாண்டர் காலத்தில் ஈட்டிச் சுவர் எதிரியைப் பிடித்து நிறுத்த, குதிரைப்படை பக்கத்திலிருந்து அடிக்கும். பிட்னாவில் பெர்சியஸின் குதிரைப்படை ஏறத்தாழ முழுசாகக் களத்தைவிட்டுப் போய்விட்டது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உயிரிழப்பு எவ்வளவு?

மக்கெதோனியர் 20,000 என்கிறார் லிவி, 25,000 என்கிறார் புளூடார்க். பிடிபட்டவர்கள் சுமார் 11,000. ரோமர் பக்கம் நூறு அல்லது எண்பது. பெலிக்னிகள் பட்ட பாட்டைப் படித்தபின் அந்த நூறை நம்ப எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் ரோமர்கள் களத்தின் சிற்றாறுகளில் ஒன்றான லூக்கஸைக் கடந்தபோதும் தண்ணீர் இரத்தம் கலந்தே ஓடியது என்று எழுதியிருக்கிறார்கள்.

பெர்சியஸ் ஓடிப்போனாரா?

ஹெராக்ளிஸுக்குப் பலி கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பத்திலேயே கிளம்பிவிட்டார் என்கிறார் பொலிபியஸ். முந்தின நாள் குதிரை உதைத்துக் கால் காயம், அப்படியும் களத்துக்கு வந்தார், எறிவேல் உராய்ந்தது என்கிறார் பெர்சியஸ் பக்கத்து எழுத்தாளர் ஒருவர். முழு உண்மை இரண்டுக்கும் நடுவே இருக்கலாம்.

அந்த இரவு பற்றிய ஒரு காட்சி மட்டும் மனதைவிட்டுப் போவதில்லை. தப்பி ஓடும் குதிரை வீரர்களைக் காலாட்கள் துரோகிகள் என்று திட்டி, இழுத்துப் போட்டு அடிக்கிறார்கள். பயந்துபோன பெர்சியஸ் பெரிய பாதையை விட்டு விலகி, ஊதா அங்கியைக் கழற்றி முன்னால் வைத்துக்கொள்கிறார், மகுடத்தைக் கையில் பிடித்துக்கொள்கிறார். கூட வருபவர்களில் ஒருவன் செருப்பு வாரைக் கட்டுகிறேன் என்று நிற்கிறான். ஒருவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்கிறான். இன்னொருவன் தாகம் என்கிறான். ஒவ்வொருவராகக் கழன்றுவிடுகிறார்கள்.

கடைசியில் சமோத்ரேஸ் தீவுக் கோவிலில் அடைக்கலம் புகுந்தார். தப்பவைக்கிறேன் என்ற ஒரு கிரீட்காரன் பொருளை மட்டும் ஏற்றிக்கொண்டு கப்பலை எடுத்துவிட்டான். பெர்சியஸ் சரணடைந்தார். 167-இல் ரோமின் வெற்றி ஊர்வலத்தில் குழந்தைகளோடு நடத்திச் செல்லப்பட்டு, ஆல்பா ஃபூசென்ஸ் என்ற ஊரில் சிறையிலேயே இறந்தார். பிழைத்த மகன் பெயர் அலெக்சாண்டர். உலோக வேலை கற்று, லத்தீன் கற்று, ரோமில் எழுத்தராக வேலை பார்த்தான்.

போருக்குப் பின் மக்கெதோனியாவும் கிரேக்கமும் என்ன ஆயின?

மன்னராட்சி ஒழிந்தது. நாட்டை நான்கு குடியரசுகளாக அறுத்து, ஒன்றோடொன்று திருமண உறவுகூடக் கூடாது என்றார்கள். பொன், வெள்ளிச் சுரங்கங்களை மூடினார்கள். மன்னருக்குக் கட்டிய வரியில் பாதி ரோமுக்கு. வந்து சேர்ந்த செல்வத்தால் 167 முதல் ரோமானியக் குடிமக்கள் நேரடி வரி கட்டுவதே நின்றது. பெர்சியஸின் மகன் என்று சொல்லிக்கொண்டு ஆண்ட்ரிஸ்கஸ் என்பவன் 149-இல் கிளம்பினான். 148-இல் அவனும் பிட்னா பக்கத்திலேயே தோற்க, மக்கெதோனியா ரோமின் மாகாணம் ஆகிவிட்டது.

இதைவிடக் கொடுமை மக்கெதோனியாவுக்கு மேற்கே இருந்த எபிரஸ் பகுதியில் நடந்தது. செனட்டின் உத்தரவு. ஒவ்வோர் ஊரிலிருந்தும் பத்துப் பெரியவர்களை அழைத்து, வீட்டிலும் கோவிலிலும் உள்ள பொன் வெள்ளியைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொன்னார்கள். கூடவே படைவீரர்கள் போனார்கள். ஒரே நாளில், குறித்த நேரத்தில், எழுபது ஊர்கள் சூறையாடப்பட்டன. 1,50,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவ்வளவும் செய்து ஒரு வீரனுக்குக் கிடைத்த பங்கு பதினோரு திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) என்கிறார் புளூடார்க். பவுலஸை நல்லவர், நிதானமானவர் என்று புகழும் நூல்களைப் படிக்கும்போது இந்த ஒரு நாளைத் தள்ளிவைத்துவிட்டு என்னால் படிக்க முடியவில்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

முக்கியமாகப் பொலிபியஸால். தென் கிரேக்க நகரங்கள் சேர்ந்த அக்கேயக் கூட்டமைப்பின் குதிரைப்படைத் தலைவராக இருந்தவர். போருக்குப் பின் ரோம் பிணையாகக் கொண்டுபோன ஆயிரம் அக்கேயர்களில் ஒருவர். பவுலஸ் வீட்டோடு நெருங்கி, அவர் மகன் சிப்பியோ எமிலியானஸுக்கு ஆசானும் நண்பரும் ஆனார். அந்த மகன் பிட்னாவில் பதினேழு வயதுப் பையன். துரத்தலில் வெகுதூரம் போய், இருட்டியும் திரும்பாமல் அப்பாவைத் தவிக்கவிட்டவன். பிட்னா பற்றிப் பொலிபியஸ் எழுதிய பகுதி பெரும்பாலும் அழிந்துவிட்டது. லிவியிலும் போரின் நடுப்பகுதியில் சில ஏடுகள் காணவில்லை. மிச்சத்தைப் புளூடார்க் நிரப்புகிறார், ஆனால் அவர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவர்.

பவுலஸ் அப்புறம் சந்தோஷமாக வாழ்ந்தாரா?

ஊர்வலம் மூன்று நாள் நடந்தது. சிலைகளையும் ஓவியங்களையும் சுமந்த வண்டிகள் மட்டும் முதல் நாளில் 250. அதற்கு ஐந்து நாள் முன் அவருடைய பதினான்கு வயது மகன் இறந்தான். முடிந்து மூன்றாம் நாள் பன்னிரண்டு வயது மகனும் போனான். மூத்தவர்கள் இருவரையும் ஏற்கெனவே தத்துக் கொடுத்தாயிற்று. பெர்சியஸுக்காவது குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அவர் மக்கள் முன்னால் சொன்னார். அரசரின் கொள்ளைப் பொருளில் அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டது பெர்சியஸின் புத்தகங்கள்தான், அதுவும் படிப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காக.

இன்றைக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

டெல்பி அருங்காட்சியகத்துக்குப் போனால் பார்க்கலாம். பெர்சியஸ் தன் சிலையை நிறுத்துவதற்காக டெல்பியில் ஓர் உயரமான தூணை எழுப்பிக்கொண்டிருந்தார். போருக்குப் பின் அங்கே வந்த பவுலஸ், அதே தூணில் தன் சிலையை ஏற்றச் சொன்னார். பெர்சியஸிடமிருந்தும் மக்கெதோனியரிடமிருந்தும் கைப்பற்றியது என்று லத்தீனில் ஒரு வரி வெட்டியிருக்கிறது. மேலே இருந்த சிலை போய்விட்டது. தூணின் தலைப்பைச் சுற்றி ஓடும் சிற்ப வரிசை தப்பியிருக்கிறது: வட்டக் கேடயக்காரர்களும் நீள்கேடயக்காரர்களும் மோதுகிறார்கள், குதிரைகள் முன்கால் தூக்கி நிற்கின்றன. அந்த நெரிசலுக்கு நடுவே ஒரு குதிரைமேல் மட்டும் ஆள் இல்லை. ஆற்றைத் தாண்டி ஓடிய அந்த மிருகம்தான் அது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.